ரெட்டை மிதவை

செருப்பை எங்கே வைப்பது என்று ஹரிணி யாரையும் கேட்கவில்லை. நீர் விளையாட்டுப் பூங்காவின் நுழைவாயிலைத் தாண்டியதும் நேராக ஐஸ்கிரீம் கடைக்குப் பின்னால் மறைந்திருந்த தகரக் கொட்டகைக்குப் போய், இரண்டு பேர் செருப்பையும் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு வந்தாள். ரூமானாவுக்கு அது என்னவோ போலிருந்தது. பஸ்ஸில் வரும்போதுகூட, "நானும் மொதத் தடவதான்டி வாரேன்" என்று சொன்னவள்தான் ஹரிணி.

"அது அங்கிட்டு இருக்குன்னு ஒனக்கு எப்புடிடி தெரியும்?"

"போர்டு இருந்துச்சே."

ரூமானா திரும்பிப் பார்த்தாள். போர்டு எதுவும் கண்ணில் படவில்லை.

போகட்டும் என்று விட்டுவிட்டாள். பதினோரு மாதத்தில் ஹரிணி சிரித்து அவள் பார்ப்பது இன்றுதான். இருவரும் அறந்தாங்கியில் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். போன வருடம் ஹரிணியின் தங்கை ரம்யா திருச்சி பஸ் ஸ்டாண்டில் காணாமல் போனதிலிருந்து ரூமானாதான் அவளுக்கு எல்லாமாக இருந்தாள். போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் கூடவே உட்கார்ந்தாள். சாப்பிட மறுத்தவளுக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டாள். சனிக்கிழமை தவறாமல் திருச்சிக்குப் போய், பசை வாளியைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராக ரம்யாவின் படத்தை ஒட்டினாள். அதனால், காலாண்டு லீவில் "எங்கிட்டாவது மூணு நாளு போயிட்டு வருவோம்டி, நீயும் நானும் மட்டும்" என்று ஹரிணி கேட்டபோது ரூமானாவால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. "வீட்ல பார்க்குன்னு சொல்லாத, ஒங்க மாமி வெடுவெடுன்னு பேசும். ட்ரெயினிங்னு சொல்லிரு" என்றாள் ஹரிணி. ரூமானா அப்படியே சொன்னாள். கத்தாரில் இருக்கும் கணவனிடமும் அதைத்தான் சொன்னாள்.

குளத்தூரைத் தாண்டி, தைலமரக் காட்டுக்கு நடுவே செம்மண் பொட்டலில் இருந்தது அந்தப் பூங்கா. பள்ளிக்கூட லீவிலும் கூட்டமே இல்லை. அங்கேயே எடுத்திருந்த அறையில் பையை வைத்துவிட்டு ராட்டினத்தில் ஏறினார்கள், சறுக்கினார்கள், பஜ்ஜி தின்றார்கள். ஹரிணி சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் கை மட்டும் ரூமானாவின் மணிக்கட்டை விடவே இல்லை.

நாலு மணி வாக்கில் மிதவை ஆற்றுக்கு வந்தார்கள். பூங்காவைச் சுற்றி ஓடும் இடுப்பளவு தண்ணீர்க் கால்வாய் அது. ரப்பர் மிதவையில் உட்கார்ந்தால் தானாக இழுத்துப் போகும். கடைசியில் ஒரு சிமெண்டுக் குகைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். படித்துறையில், விசில் மாட்டிய ஒரு நடுவயதுக்காரி ரெட்டை மிதவை ஒன்றைக் காலால் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் ரூமானாவைப் பார்க்கவே இல்லை. ஹரிணியைத்தான் பார்த்தாள்.

"ரெண்டு பேரா?"

"ரெண்டு பேருதான்."

"ரெண்டு பேரு உள்ள போனா ரெண்டு பேரு வெளிய வரணும். எனக்கு அம்புட்டுத்தான்."

"நீ முன்னாடி உக்காரு ரூமா" என்றாள் ஹரிணி.

வெயில் சாய்ந்து தண்ணீரில் மினுங்கிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியின் பாட்டும், குளோரின் வாடையும், எங்கோ ஒரு குழந்தையின் கூச்சலும் கொஞ்சதூரம் கூடவே வந்து, குகை வாயில் தலைக்கு மேலே கடந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. உள்ளே வேறு வாடை அடித்தது, பல நாள் அலசாமல் ஊறிப்போன துணியின் வாடை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. சுவரோரம் சொட்டு விழும் சத்தத்துக்கு நடுவே, யாரோ இருமலை அடக்குவது போல ஒரு சத்தம். இங்கிட்டு ஒன்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. மிதவையின் வேகம் குறைந்தது.

ரூமானாவின் குதிகாலை ஏதோ தொட்டது. மெல்ல. விரல் விரலாக.

"ஹரிணி, கால்ல என்னமோ படுது."

பின்னாலிருந்து இரண்டு கைகள் தோளில் வந்து பதிந்தன.

"ஹரிணி!"

"ரம்யா காணாமப் போனது திருச்சியில இல்ல ரூமா."

ரூமானாவுக்கு முதலில் புரியவில்லை. திரும்ப முயன்றாள். ஹரிணியின் இரண்டு கைகளும் அவள் தோளை அழுத்திப் பிடித்திருந்தன.

"இங்கதான். நானும் அவளும் உள்ள வந்தோம். வெளிச்சத்துக்கு வந்து பாத்தா முன்னாடி வேற ஒரு பொம்பள உக்காந்திருக்கா. யாருன்னே தெரியாது. எந்திரிச்சு, கேட்டுக்கு வெளிய போயி, பஸ் ஏறிட்டா. நான் கத்துறேன், அழுவுறேன். ரெண்டு பேரு வந்துட்டாங்களே, அப்பறம் என்னன்னு கேக்குறாங்க. எந்த ரெண்டு பேருன்னு இங்க யாரும் பாக்குறதில்ல."

"அப்ப நான் ஒட்டுன நோட்டீசு?"

"இதச் சொன்னா போலீசுல யாரு நம்புவா? ஒங்கிட்டயாவது ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லிறணும்னுதான் நெனச்சேன்."

திருச்சி வெயிலில் வாரம் தவறாமல் அலைந்த அலைச்சல் ரூமானாவின் நினைவில் வந்தது. பசையில் வெந்து தோலுரிந்த விரல்கள். அந்த விரல்களுக்கு மருந்து போட்டுவிட்டவளும் இதே ஹரிணிதான். ஊதி ஊதிப் போட்டுவிட்டாள்.

"என்னைய ஏன்டி?"

ஹரிணி அழுதுகொண்டிருந்தாள். "நான் கூப்புட்டா கேள்வி கேக்காம வேற யாருடி வருவா?"

தள்ளினாள்.

தண்ணீர் மூக்கில் ஏறியது. கால் ஊன்றி எழுந்தாள். இடுப்பளவு இருக்க வேண்டிய தண்ணீர் கழுத்தளவு இருந்தது. அவளை உரசிக்கொண்டு ஒரு மெலிந்த முதுகு மிதவையில் ஏறியது. ஈரத் தலைமுடியிலிருந்து தண்ணீர் கொட்டியது. அந்தப் பக்கவாட்டு முகத்தை அவள் ஆயிரம் சுவரில் ஒட்டியிருக்கிறாள்.

"ரம்யா! ரம்யா, ஒங்க அக்காட்ட சொல்லும்மா!"

ரம்யா திரும்பவில்லை. ஹரிணியும் திரும்பவில்லை. மிதவை வளைவில் திரும்பி வெளிச்சத்துக்குள் போனது. இரண்டு நிழல்கள். பெரிய நிழல் சின்ன நிழலை அணைத்துக்கொண்டது.

விசில் சத்தம் கேட்டது.

"ரெண்டு. சரி, வாங்க."

ரூமானா கத்தினாள். சத்தம் எதிரே இருந்த சிமெண்டில் மோதித் தண்ணீரில் விழுந்தது. கால் நகரவில்லை. யாரும் பிடித்திருக்கவும் இல்லை. ஆனாலும் நகரவில்லை.

கண் இருட்டுக்குப் பழகியது.

சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். கழுத்தளவுத் தண்ணீரில், தோளோடு தோள் ஒட்டி, வளைவு வரைக்கும். பட்டுச்சேலை ஊறிக் கிழிந்த ஒரு புதுப்பெண். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு பெரியவர். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லா முகமும் குகை வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லா உதடும் அசைந்துகொண்டிருந்தது.

புதுப்பெண் சற்று நகர்ந்தாள். ஓர் ஆள் நிற்க இடம் வந்தது.

இப்போது அவளுக்குக் கேட்டது. பெயர்கள். ஒவ்வொரு வாயும் ஒரே ஒரு பெயரை, கூட வந்தவரின் பெயரை, மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

ரூமானா உதட்டை இறுக்கி மூடினாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

உள்ளங்கைக்கு அடியில், உதடு அசைய ஆரம்பித்தது.