அலுமினியத்தில் ஒரு கை

"ஐயோ... போச்சே! எல்லாம் போச்சே!"

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்துப் பெயிண்ட் ஷெட்டுக்குள்ளிருந்து அலறல்!

கைவிலங்கை எடுத்துக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் ஜானகிராமன் துப்பாக்கியை உருவிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். இன்னொரு பிணமா?

பிணமில்லை.

பெயிண்ட் அடிக்க வந்திருந்த, பிரெஞ்சுக்காரர் மார்செல் முசியேவின் காருக்கு முன்னால் பெயிண்டர் கண்ணையன் தலையில் அடித்துக்கொண்டு நின்றான்.

"பெயிண்ட் உரிஞ்சிடுச்சு சார்!"

இன்ஸ்பெக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அடச்சீ! போன சனிக்கிழமை உன் முதலாளி சுப்ராயன் இங்கதான் மண்டை உடைஞ்சு செத்துக் கெடந்தாரு. உன்னப் புடிச்சிட்டுப் போக வந்திருக்கேன். நீ பெயிண்டுக்கு அழுவுறியா?"

"நான் கொல்லல சார்! எத்தினி வாட்டி சொல்றது? மதியம் சாப்பிடப் போனேன். வந்து பெயிண்ட் அடிச்சேன். சாயங்காலம் டப்பா எடுக்கப் பின் ரூமுக்குப் போனா... முதலாளி..."

"புளுகுறான் சார்!"

செத்தவரின் மச்சான் பலராமன் பின்வாசல் வழியாக வந்தான். ஷெட்டுக்குப் பின்னாலேயே அவன் வீடு. தலையிலிருந்து நல்லெண்ணெய் வழிந்தது. சனிக்கிழமையாயிற்றே!

"அன்னிக்கும் நான் இப்டித்தான் எண்ணெய் தேச்சு ஊறிக்கிட்டு இருந்தேன். என் பொண்டாட்டி கமலாவக் கேளுங்க. இவனத் தவிர இங்க யாரு இருந்தா? தூக்குல போடுங்க சார்!"

இன்ஸ்பெக்டர் விலங்கை நீட்டினார்.

கண்ணையன் எங்கே பார்த்தான்? அவன் கண் பானெட்டிலேயே இருந்தது.

"உப்புத்தாள் போட்டேன்... ஆசிட்ல கழுவுனேன்... தின்னர் வெச்சுத் தொடச்சேன்... இது இரும்பு இல்ல சார், அலுமினியம்! பொட்டு எண்ணெய் பட்டாலும் பெயிண்ட் புடிக்காது. வெறுங்கை படக்கூடாதுன்னு துணி சுத்திக்கிட்டு வேலை செஞ்சேன். அப்பவும் உரியுதே! சே, என்னா பொழப்பு இது!"

ஆத்திரத்தோடு நகத்தால் சுரண்டினான். பச்சைப் படலம் கழன்று விழுந்தது.

அப்படியே நின்றுவிட்டான்.

"சார்... இங்க பாருங்க!"

பானெட் முழுக்க பெயிண்ட் கல்லாக நின்றது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் உரிந்திருந்தது. உள்ளங்கை... ஐந்து விரல்கள்... சுண்டுவிரல் மட்டும் கோணலாக!

"நான் சாப்பிடப் போனப்ப சுத்தமா இருந்துச்சு. திரும்பி வர்றதுக்குள்ள எந்தப் பாவியோ எண்ணெய்க் கைய வெச்சிருக்கான். அது தெரியாம மேல அடிச்சுத் தொலைச்சிருக்கேன்!"

எண்ணெய்க் கை...

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார்.

பலராமன் வலதுகையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டிருந்தான்!

"எடுங்க வெளிய. வைங்க இங்க."

வைத்தான். கோணல் சுண்டுவிரல் உட்பட அச்சாகப் பொருந்தியது!

பலராமன் பானெட்டிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தான்.

"ஷெட்ட எம் பேருக்கு எழுத மாட்டேன்னுட்டான் சார்... ஊறிக்கிட்டு இருந்தவன் எழுந்து கேக்க வந்தேன். பின் ரூம்ல வாய்த்தகராறு... ஸ்பானரால அடிச்சுட்டேன். தலை சுத்துச்சு... இங்க வந்து காரப் புடிச்சுக்கிட்டு நின்னேன்..."

"அப்புறம் போய் சீயக்காய் போட்டுக் குளிச்சிட்டீங்க. நல்லா இருக்கே!"

இன்ஸ்பெக்டர் அவன் கையைப் பிடித்து இழுத்தார். வழுக்கியது. மறுபடி பிடித்தார். மறுபடியும் வழுக்கியது!

"சனியன்!"

கண்ணையன் தின்னர் டப்பாவை அலுத்துக்கொண்டே நீட்டினான்.

"மொதல்ல கையத் தொடச்சிருங்க சார்... இல்லாட்டி விலங்கும் உரிஞ்சிடும்!"