வைக்கோல் பறவைக்கு வார்னிஷ் கிடையாது

கடுகுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு விடைக்கும். அப்புறம் காது சிவக்கும். அதற்கு மேல் பக்கத்தில் யாரும் நிற்காமல் இருப்பது நல்லது. ஆள் சின்னது, சூடானால் வெடிக்கும் என்பதால்தான் வீட்டில் அவளுக்கு இந்தப் பெயர் விழுந்தது.

அன்று பண்ணைக்குள் நுழைந்து தன் பாத்தியைப் பார்த்ததும் மூக்கும் காதும் ஒன்றாகவே ஆரம்பித்துவிட்டன.

அது பிள்ளைகள் மண்ணையும் செடியையும் கற்றுக்கொள்வதற்காகவே நடத்தும் பண்ணை. ஆளுக்கு ஒரு பாத்தி. கடுகுக்கு வாய்த்தது மண்வெட்டி பட்டால் 'ணங்' என்று சத்தம் வரும் கட்டாந்தரை. எல்லோரும் வேண்டாம் என்று ஒதுக்கிய இடம். அதன்மேல் வைக்கோலையும் காய்ந்த புல்லையும் கனமாகப் பரப்பி வைத்தாள். பண்ணையில் அதற்கு மூடாக்கு என்று பெயர். மாதக்கணக்கில் காத்திருந்தாள். மண்புழு வந்தது. மண் பொலபொலவென்று ஆனது. போன வாரம்தான் தக்காளி நாற்று நட்டாள்.

இப்போது மூடாக்கைக் காணோம். ஒரு துரும்புகூட இல்லை. வெறும் மண் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நாற்றுகள் தலை தொங்கி நின்றன.

"வேற வைக்கோல் இருக்கா அண்ணா?" என்று பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் ஓடினாள்.

"இருந்ததையெல்லாம் எல்லாப் பாத்திக்கும் போட்டாச்சேம்மா. நாம வெளியில வாங்குறதில்லன்னு உனக்கே தெரியும். இங்க விளைஞ்சதுதான் இங்க மண்ணுக்குப் போகணும். உன்னுது எங்க போச்சு?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

வழியெல்லாம் வைக்கோல் சிந்தியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனாள். அது ஓவியக் கொட்டகையில் கொண்டுபோய் விட்டது.

உள்ளே, அவளைவிட உயரமாக ஒரு வைக்கோல் பறவை சக்கரப் பலகைமேல் நின்றது. சின்னப் பிள்ளைகள் அதைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். கடுகின் தம்பி முக்காலியில் ஏறி, நாக்கைத் துருத்திக்கொண்டு வால் கட்டிக்கொண்டிருந்தான். புதிதாக வந்த ஓவிய டீச்சர் கையில் ஒரு டப்பா இருந்தது.

"இந்த வைக்கோல் எங்க எடுத்தீங்க டீச்சர்?"

"அந்த ஓரத்துப் பாத்தியில குப்பையா கிடந்துச்சு. இடமும் சுத்தமாச்சு, பறவையும் ஆச்சு" என்றார் டீச்சர் பெருமையாக.

கடுகு வெடித்தாள்.

"அது குப்பை இல்ல. என் மண்ணோட போர்வை. கேக்காம எடுத்துட்டீங்க. நீங்க தூங்கும்போது போர்வையை உருவிட்டு, ரூம் சுத்தமாயிடுச்சுன்னு யாராவது சொன்னா சும்மா இருப்பீங்களா?"

டீச்சர் கையிலிருந்த டப்பாவைக் கீழே இறக்கினார். "எனக்குத் தெரியலையேம்மா" என்றார் மெல்ல. "சாயந்திரம் நாடகம். எல்லாரோட அப்பா அம்மாவும் வராங்க. முடிஞ்சதும் வார்னிஷ் அடிச்சு வாசல்ல வைக்கலாம்னு இருந்தேன். வருஷக்கணக்கா இருக்கும்."

"வார்னிஷ் அடிச்சா அப்புறம் மண்ணுல போடவே முடியாது."

பல்லைக் கடித்துக்கொண்டு பறவையின் இறக்கையில் கை வைத்தாள். பிய்த்து எறிந்திருப்பாள். அதற்குள் தம்பி முக்காலியிலிருந்து குதித்துக் குறுக்கே வந்து நின்றான்.

"பிய்க்காதக்கா. வால் நான் பண்ணது. உன் பாத்தின்னு எனக்குத் தெரியாது."

அவன் கண் நிறைந்துவிட்டது. கடுகின் கை அப்படியே நின்றது. பிய்க்க முடியவில்லையே என்று இன்னும் கோபம் வந்தது.

"வா என்கூட" என்று அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். அவன் உள்ளங்கையைத் தன் பாத்தியில் வைத்து அழுத்தினாள்.

"சுடுதுக்கா."

பக்கத்துப் பாத்தியின் மூடாக்குக்குள் அதே கையை நுழைத்தாள்.

"ஜில்லுன்னு இருக்கு."

"இப்ப என் செடி எதுல நிக்குது?"

தம்பி வாடிய நாற்றுகளைப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் கடுகின் குரல் ஒரு படி இறங்கியது.

"உன் பறவை நாடகத்துல கடைசியில என்ன பண்ணும்?"

"பறந்து போயிடும். ஆனா நிஜமா பறக்காதுக்கா. ரொம்ப கனம். நாங்க பின்னாடி இருந்து தள்ளிட்டுப் போவோம்."

கடுகு பாத்தியைப் பார்த்தாள். கொட்டகையைப் பார்த்தாள்.

"அப்ப இங்க தள்ளிட்டு வாங்க. அது இங்க வந்து படுத்துக்கட்டும். இறகையெல்லாம் செடிக்குக் குடுக்கட்டும்."

தம்பி யோசித்தான். "வாலையுமா?"

"வாலையும்தான்."

இன்னும் யோசித்தான். "சரி. ஆனா வாலை நான்தான் பிரிப்பேன்."

இருவரும் கொட்டகைக்குத் திரும்பிச் சொன்னதும் டீச்சர் தலையசைத்தார். வார்னிஷ் டப்பாவை மூடி அலமாரியில் வைத்தார். நாடகத்துக்காக வானம் வரைந்து வைத்திருந்த திரையைக் கடுகு கைகாட்டினாள்.

"சாயந்திரம் வரைக்கும் செடிக்கு நிழல் வேணும். இதை எடுத்துக்கட்டுமா? பாருங்க, நான் கேட்டுட்டுத்தான் எடுக்கிறேன்."

டீச்சர் முகம் சிவந்தது. "எடுத்துக்கோம்மா" என்றார்.

சாயந்திரம் நாடகம் பார்க்க வந்தவர்களுக்கு வானம் இல்லை. நான்கு குச்சிகளில் அது தக்காளிச் செடிகளுக்குக் கூரையாகியிருந்தது. பறவை கிறீச்சிட்டுக்கொண்டே தோட்டத்தைச் சுற்றி வந்தது. கூட்டம் பின்னாலேயே நடந்தது. பாத்தியின் ஓரத்தில் பறவை மெல்லச் சாய்ந்து படுத்தது. பிள்ளைகள் நூலை அவிழ்த்து, இறகு இறகாகச் செடிகளின் காலடியில் பரப்பினார்கள். பார்க்க வந்த அப்பாக்களும் அம்மாக்களும் தாங்களாகவே குனிந்து கை கொடுத்தார்கள். கடைசியாகத் தம்பி வாலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதை ஒரு தட்டு தட்டிக்கொடுத்தான்.

எல்லோரும் கைதட்டினார்கள். கடுகு தட்டவில்லை.

"இன்னும் கோபமா?" என்று டீச்சர் பக்கத்தில் வந்து கேட்டார்.

"ஆமா."

"நான் என்ன பண்ணட்டும்?"

கடுகு குடத்தை நீட்டினாள். "தொட்டி அங்க இருக்கு."

டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீர் சுமந்தார். பாதியைத் தன்மேலேயே கொட்டிக்கொண்டார். மூன்றாவது குடத்திலேயே கடுகுக்குக் கோபம் போய்விட்டது. ஆனால் செடிகளுக்கு ஐந்து குடம் வேண்டியிருந்ததால், அதுவரை அதைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை.