தனியே துவைக்கவும்

தொட்டிலில் போட்டால் தெருவையே கூட்டிவிடும் குழந்தை, அன்று மதியம் சத்தமே இல்லாமல் கிடந்தது. அம்மாக்காரிக்கு அது வரம். எழுந்துவிடப் போகிறதே என்று எட்டிக்கூடப் பார்க்காமல், பாத்திரங்களை ஓசைப்படாமல் கழுவிக் கவிழ்த்தாள்.

சமையலறையில் பூண்டு நாற்றம் அடித்தது. வீட்டில் பூண்டு தீர்ந்து நாளாகிறது. ஜன்னலைத் திறந்து, குப்பையைக் கொட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி முகர்ந்தும் பார்த்தாள். நாற்றம் படுக்கையறைக் கதவின் அடியிலிருந்து மெல்லக் கசிந்து வருவதுபோல் இருந்தது. அங்கே ஓர் எறும்பு வரிசை. ஒன்றும் நகரவில்லை. துடைப்பத்தால் தொட்டாள். உமி மாதிரி உருண்டன.

அப்போதுதான் போன் அடித்தது. தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலைக்குப் போன கணவன். குரலே சரியில்லை.

"நேத்து நான் கழட்டிப் போட்ட சட்டை எங்க?"

"பாப்பாகிட்டதான். உங்க வாசம் இல்லாம அது என்னைக்குத் தூங்கியிருக்கு? எப்பவும்போல சுத்திப் படுக்க வெச்சேன்."

"ஐயோ!" என்று அலறினான்.

"என்னங்க?"

"நேத்து அடிச்சது புது மருந்து. முதுகு டேங்க் ஒழுகி சட்டையெல்லாம் நனைஞ்சுது. தலை சுத்துதுன்னேன்ல? இப்பதான் மேஸ்திரி டப்பாவப் படிச்சுக் காட்டினார். துணியத் தனியா துவைக்கணுமாம். பிள்ளைங்க பக்கமே... எடு. முதல்ல அத எடு!"

கதவைத் திறந்தாள். நாற்றம் முகத்தில் அறைந்தது. ஓர் ஈகூடப் பறக்கவில்லை. தொட்டில் ஆடவில்லை.

"கண்ணு... அம்மா வந்துட்டேன்டா."

சட்டையைப் பிடுங்கி எறிந்தாள். குழந்தையை வாரினாள். உடம்பெல்லாம் வியர்வை. வாயோரம் நுரை. கண்கள் திறந்திருந்தன. கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மூச்சு இருந்தது. எப்போதோ ஒன்று.

தெருவுக்கு ஓடினாள். "வண்டி! யாராவது வண்டி கொண்டாங்களேன்!"

உச்சி வெயிலுக்குக் கண்ணைக் கையால் மறைத்தபடி பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். அவளுக்கு மட்டும் தெரு இருட்டிக்கொண்டே வந்தது. குழந்தைக்குப்போலவே அவள் வாயிலும் எச்சில் நுரைத்து வழிந்தது. யார் முகமும் தெரியவில்லை.

"குழந்தைய இப்படிக் குடும்மா."

குரல் எந்தப் பக்கம்? தெரியவில்லை. குழந்தையின் வாயருகே காதை வைத்து, அடுத்த மூச்சுக்காகக் காத்துக்கொண்டு, அந்த நண்பகல் இருட்டில் நின்றாள்.