நாடா திருப்பித் தந்தது

எழுதியதைவிட நீளமாகத் திரும்பி வந்திருந்தது அந்த வீடியோ.

தரவு சேமிக்கும் புது வகைக் காந்த நாடாவைக் கணினியின் இயங்குதளத்துக்குப் பழக்குவதுதான் அவள் வேலை. இதுவரை அதைச் செருகினால் கணினி திருதிருவென்று முழித்தது. அவள் எழுதிய நிரல்தான் இன்று அதைப் பேச வைத்தது. சோதனை எளிது. ஒரு கோப்பை நாடாவில் எழுதித் திரும்பப் படித்தால் இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும். பெரிய கோப்புக்கு எங்கே போவது என்று சோம்பல்பட்டு, காலையில் கைபேசியை அலமாரியில் சாய்த்து எடுத்த வீடியோவையே கொடுத்திருந்தாள். கட்டிலில் அவள் பாப்பா தூங்குகிற வீடியோ.

நிரலில் ஏதோ கோளாறு என்று நினைத்துத் திருத்தினாள். மறுபடி படித்தபோது இன்னும் நீண்டிருந்தது.

சன்னல் இல்லாத அந்த அறையில் ஏசியின் இரைச்சலும், சூடேறிய பிளாஸ்டிக் வாடையும், நாடா சுற்றும் மெல்லிய ரீங்காரமும் ஒன்றாகக் கலந்து கிடக்க, அவள் மிஞ்சிய பகுதியை ஓடவிட்டாள். அதே அறை, அதே கோணம். கைபேசியோ அவள் பையில் இருந்தது. சுவரில் வெயில் இறங்கியது. வீட்டில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் தங்கை வந்து புட்டிப்பால் கொடுத்துவிட்டு மறுபடி படுக்கவைத்தாள்.

கைபேசியை எடுத்து வீட்டுக்கு அழைத்தாள். பாப்பா இப்போதுதான் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறாள் என்றாள் தங்கை.

திரையில் கதவு திறந்தது. ஒரு பெண். முதுகு மட்டும் தெரிந்தது. இன்று அவள் போட்டிருந்த அதே நீலச் சட்டை. கழுத்தில் அடையாள அட்டையின் பட்டை. கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

"பாப்பாவத் தூக்கிட்டு உடனே வெளிய போ."

"என்னக்கா விளையாடற? இப்பதான நீ உள்ள போன?"

"நான் ஆபீஸ்ல இருக்கேன்."

தங்கையின் குரல் இறங்கியது.

"அப்ப கதவச் சாத்திக்கிட்டது யாருக்கா?"

போனில் தங்கை கதவைத் தட்டும் சத்தம். திரையிலும் அதே சத்தம். நாடாவை வெளியே எடுக்கும் பொத்தானை அழுத்தினாள். வரவில்லை. மறுபடி அழுத்தினாள். சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்தப் பெண் குனிந்தாள். பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டாள். முதுகில் தட்டினாள். இவள் தட்டுவது போலவே, மெதுவாக.

பாப்பா கண் விழித்தாள். தூக்கியவளின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் உதடு பிதுங்க, அந்தத் தோளுக்கு மேலாக, திரைக்கு இந்தப் பக்கம் இருந்தவளை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினாள்.