ரமணி வீட்டுப் போத்தல்

"என் கையால செத்தாளா இல்லையா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கக்கா. வேற ஒண்ணும் வேணாம்."

ஆயர் ஈத்தாம் சந்தைக்கு எதிரே, முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சிறிய அறையில் வந்து உட்கார்ந்ததும் ரமணி சொன்ன முதல் வார்த்தை இதுதான். தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். கீழே கடைகளில் வண்ண விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

சலேஹா ஒரு தாளை எடுத்து வைத்தார். இருபத்தாறு வருடம் அரசாங்க உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உணவு கெட்டு யாருக்காவது ஏதாவது ஆகி, யார் தவறு என்று தெரியாமல் போனால், அவரைத் தேடி வருவார்கள். குகன் அவருக்கு வண்டி ஓட்டவும் குறிப்பெடுக்கவும் சேர்ந்தவன். அதற்கு முன்பு பத்து வருடம் பினாங்குத் தீவு முழுக்க ரொட்டி வேனில் சுற்றியவன். யார் குற்றவாளி என்பதை முதல் பத்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுவான். இதுவரை ஒரு தடவைகூடச் சரியாக இருந்ததில்லை.

ரமணியின் மகள் அதிராவுக்கு எட்டு வயது. வேர்க்கடலை, அங்கே சொல்வதுபோல் கச்சாங், ஆகாது. நாக்கில் பட்டால் தொண்டை அடைத்துவிடும். அக்டோபர் பன்னிரண்டாம் தேதி, ஞாயிறு மதியம், வீட்டில் வைத்த கோழிக்கறியைச் சாப்பிட்டாள். ஊசி போட்டும் ஆம்புலன்ஸ் வந்தும் பிழைக்கவில்லை.

"கச்சாங் எங்க வீட்டு வாசப்படி தாண்டி ஆறு வருஷம் ஆச்சுக்கா," என்றாள் ரமணி. "அவங்கப்பா வெளியே தின்னாக்கூட வாய் கொப்பளிச்சிட்டுத்தான் உள்ள வருவாரு."

பரிசோதனையில் கடலை இருந்ததாகத் தெரிந்தது சமையலறை மசாலாப் போத்தலில். சுங்கை பினாங்கில் மோகனராஜ் என்பவர் நடத்தும் சிறு ஆலையின் கறி மசாலா அது. செய்தி வந்ததும் மோகனராஜ், ரமணி கடையில் வாங்கியதைப் போலவே அக்டோபர் மூன்றாம் தேதியிட்ட பேக்கெட்டுகளை எல்லாம் திரும்பப் பெற்றார். சுகாதார அதிகாரிகள் ஆலைக்குத் தடை போட்டு, அதில் பன்னிரண்டைச் சோதித்தார்கள். பன்னிரண்டும் சுத்தம்.

"நாளைக்கு அஞ்சு மணிக்குத் தடையை எடுக்கப் போறாங்களாம். மசாலா நல்லா இருக்கு, அப்ப சமையலறையிலதான் கலந்திருக்கணும்னு அந்த ஆபீசர் சொல்லிட்டாரு. மாமியார் வீட்டுல யாரும் என் முகத்தைப் பாக்கிறதில்ல."

"கடைசியா அந்தப் போத்தல்ல எப்போ மசாலா கொட்டுனீங்க?"

"சனிக்கிழமை. அதுக்கு முன்னாடி திங்கக்கிழமை, சீனி முகம்மது கடையில வாங்கினது. அதுல மூணு நாள் சமைச்சேன். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல. பாதி இருக்கும்போதே மேல இன்னொரு பேக்கெட்டக் கொட்டினேன். அதே சிவப்பு பேக்கெட்டுதான்."

"தேதி பாத்தீங்களா?"

ரமணி தலை குனிந்தாள். "எல்லாப் பேக்கெட்டையும் ரெண்டு தடவை படிப்பேன்க்கா. அதை மட்டும் படிக்கல. ஏன்னு எனக்கே தெரியல."

அதிகாரிகள் எடுத்துப் போகும் முன் அவள் போத்தலைப் படம் பிடித்திருந்தாள். சலேஹா கைப்பேசியில் அதைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு குகனிடம் நீட்டினார்.

"போத்தல்," என்றான் குகன்.

"வேற?"

"கண்ணாடிப் போத்தல்."

"அடியில இருக்கிறது மாவு மாதிரி இருக்கு. மேல இருக்கிறது கொரகொரன்னு இருக்கு, நெறமும் கொஞ்சம் வேற. ஒரே நாள்ல ஒரே இயந்திரத்துல அரைச்சதுன்னா இப்படி இருக்காது தம்பி."

மறுநாள் காலை சுங்கை பினாங்குக்குப் போனார்கள். அடுக்குமாடிகளுக்கு நடுவே நெளிந்து போகும் சந்தின் கடைசியில் ஆலை. பத்து நாளாய் மூடியிருந்தும் மிளகாய் நெடி போகவில்லை. கதவில் மலாயிலும் தமிழிலும் பெரிய பலகை: கச்சாங் உள்ளே கொண்டுவரக் கூடாது.

"அது அதிராவுக்காக வச்சது," என்றாள் மோகனராஜின் மனைவி லோகேஸ்வரி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "ரமணியும் நானும் ஒரே கோயில். பிள்ளைக்கு ஆகாதுன்னு அவ சொன்ன அன்னைக்கே எழுதி மாட்டினேன். இந்த மசாலாவை நம்பித்தான் அவ வாங்கினா."

மோகனராஜ் குறுக்கிட்டார். "மேடம், நான் நேராவே சொல்றேன். ஹஸ்ருல்னு ஒரு பையன் இருந்தான். இந்தப் பலகைக்குக் கீழேயே நின்னு கச்சாங் தின்னான். நிறுத்திட்டேன். அந்தக் கோவத்துல அவன்தான் ஏதோ பண்ணியிருக்கான். போலீஸ்ல ரிப்போர்ட்டும் கொடுத்துட்டேன்லா."

"நான் நெனச்சேன்," என்றான் குகன் மெதுவாக.

"எப்போ நிறுத்துனீங்க?" என்று கேட்டார் சலேஹா.

"செப்டம்பர் கடைசியில. ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னாடி. சாவியையும் வாங்கிட்டேன்."

சலேஹா வேலைப் பதிவேட்டைக் கேட்டார். ஒழுங்கான கையெழுத்து. அரைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில், அது இதுவரை மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் எண் பெட்டி ஒன்று இருந்தது. வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் அந்த எண்ணை எழுதி வைப்பது மோகனராஜின் பழக்கம். செவ்வாய் மாலை 4127.3. புதன், ஆயுத பூஜை. வியாழன், விஜயதசமி விடுமுறை. வெள்ளி, மூன்றாம் தேதி காலை 4127.7.

"நல்லா எழுதுறீங்க," என்று மட்டும் சொல்லிப் பதிவேட்டை மூடினார்.

இதற்குள் குகன் இயந்திரத்தின் மேல் ஏறியிருந்தான். மூடியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தின் மடிப்பிலிருந்து வெள்ளையாக எதையோ நகத்தால் நெம்பி எடுத்தான்.

"அக்கா, டிவி பெட்டிக்குள்ள வைப்பாங்களே, அந்த நுரைத்துண்டு."

சலேஹா அதை வாங்கி விரலால் அழுத்தினார். நொறுங்கியது. ஒரு காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்தார்.

ஹஸ்ருல் வாகனம் கழுவும் கடை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தான். தமிழர்களோடு சுங்கை பினாங்கில் வளர்ந்தவன். தமிழ் தண்ணீராக வந்தது.

"மூணு கச்சாங் தின்னேன் அண்ணே," என்றான் குகனிடம். "மூணே மூணு. அதுக்கு வேலை போச்சு. இப்ப கொலைகாரன்னு பேரு. போலீஸ் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க. அந்தப் பிள்ளைக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் கொடுத்ததே நான்தான்."

"இயந்திரத்தை எப்படிக் கழுவுவீங்க?" என்று கேட்டார் சலேஹா.

"புதுசா அரைக்கிறதுக்கு முன்னாடி எப்பவும் ஒரு தட்டுப் பச்சரிசி போட்டு ஓட்டுவோம். முன்ன அரைச்சது எல்லாத்தையும் அது தொடச்சிட்டு வந்துரும். அந்த மாவை வீசிடுவோம். அப்புறம் சல்லடையைக் கழட்டிக் கழுவுவோம். அண்ணி அதுல ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

"எப்பவாவது கொரகொரன்னு அரையுமா?"

"ரெண்டு நாள் சும்மா கெடந்தா முதல் பத்துக் கிலோ அப்படித்தான் வரும். சூடு ஏறணும்லா."

வண்டியில் குகன் ஸ்டீரிங்கைத் தட்டிக்கொண்டே யோசித்தான். "இவன் இல்லைன்னா அப்ப சீனி முகம்மது கடையா?"

"கடையில வாங்கியிருந்தா ரமணி தேதியைப் படிச்சிருப்பா," என்றார் சலேஹா. "எல்லாரையும் மூணு மணிக்கு ஆலைக்கு வரச் சொல்லு. ரமணியையும்."

குரலில் எந்த மகிழ்ச்சியும் இல்லை. புதிர் அவிழ்ந்தால் அவர் இப்படித்தான் ஆகிவிடுவார் என்பது குகனுக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு களைத்து அவன் பார்த்ததில்லை.

மூன்று மணிக்கு ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்பட்டன. ரமணியைக் கண்டதும் லோகேஸ்வரி ஓடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹஸ்ருல் உட்காரவில்லை. கதவோரம் நின்றான். மோகனராஜ் அவனைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்குத் தடை நீங்கும்.

"திங்கக்கிழமை வாங்கின மசாலாவில பிள்ளை மூணு நாள் சாப்பிட்டிருக்கு, ஒண்ணும் ஆகல," என்று தொடங்கினார் சலேஹா. "அதனால சமையலறையும் காரணம் இல்ல, வெள்ளிக்கிழமை அரைச்ச மசாலாவும் காரணம் இல்ல. சனிக்கிழமை மேல கொட்டின பேக்கெட்டுலதான் கடலை இருந்துச்சு. அது கொரகொரன்னு இருந்துச்சு. சும்மா கிடந்த இயந்திரத்துல முதல்ல அரைச்சது."

"வெள்ளிக்கிழமை பூராவும் நல்ல மாவா வந்துச்சு மேடம்," என்றார் மோகனராஜ்.

"ஆமா. ஏன்னா முதல் பத்துக் கிலோ வெள்ளிக்கிழமை அரைக்கல. உங்க கையெழுத்திலேயே இருக்கு. செவ்வாய் ராத்திரிக்கும் வெள்ளி காலைக்கும் நடுவுல இயந்திரம் இருபத்து நாலு நிமிஷம் ஓடியிருக்கு."

மோகனராஜ் பதிவேட்டைப் புரட்டி அந்த இரண்டு எண்களையும் பார்த்தார்.

"வியாழக்கிழமை விஜயதசமி. பூஜை போட்ட இயந்திரத்தை நல்ல நேரத்துல ஓட்டித் தொடங்கணும். அப்படித்தானே?"

"அது சும்மா, சாஸ்திரத்துக்கு," என்றார் மோகனராஜ். "வேலைன்னு அதை யாரு எழுதுவா?"

"இயந்திரத்துக்கு முதல்ல என்ன போட்டீங்க?"

சலேஹா காகிதத்தைப் பிரித்தார். நொறுங்கிய வெள்ளைத் துணுக்கு. அது என்னவென்று குகனுக்கு அப்போதுதான் புரிந்தது. பொரி.

லோகேஸ்வரி ரமணியின் கையை விட்டாள்.

"சாமிக்குப் படைச்சத முதல்ல மிஷினுக்குத்தான் கொடுப்போம்," என்றாள். "ரெண்டு கை அள்ளி உள்ள போடுவோம். அதுதானே நமக்குச் சோறு போடுது. அப்புறம் மல்லியும் மிளகாயும் போட்டு ஒரு பத்துக் கிலோ அரைப்போம். மறுநாள் எப்பவும்போல பச்சரிசி ஓட்டிக் கழுவிட்டுத்தான் விக்கிறதை அரைப்போம். போன வருஷமெல்லாம் பொரி, பொட்டுக்கடலை, வெல்லம்தான். இந்த வருஷம் கடையில பூஜைப் பொட்டலம்னு கலந்து கட்டி வித்தாங்க..." குரல் நின்றது. மறுபடியும் வந்தது. "அதுல இருந்துச்சு. நான் பாத்தேன்க்கா. கண்ணால பாத்தேன். ஆனா அது பிரசாதம். கச்சாங்னு எனக்குத் தோணவே இல்ல."

"இந்தக் கதவு வழியா ஒரு கடலையும் உள்ள வரலன்னு நீங்க ஆபீசர்கிட்ட சொன்னது பொய் இல்ல," என்றார் சலேஹா. "உங்களுக்கு அது உண்மைதான்."

"அந்தப் பத்துக் கிலோவை என்ன பண்ணீங்க?" என்று குகன் கேட்டான். கேட்டதும், கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"விக்கிறது இல்ல. நாப்பது பேக்கெட்டாப் போட்டு, வெள்ளிக்கிழமை கோயில்ல வேண்டியவங்களுக்குக் கொடுப்பேன். விக்காததுக்குத் தேதி எதுக்குன்னு அச்சுப் போட மாட்டோம். ரமணிக்கு முதல் பேக்கெட்டு. பிள்ளைக்கு நல்லது, இதுல சமைச்சுக் கொடுன்னு சொல்லிக் கொடுத்தேன்."

ரமணி ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். "அக்கா கொடுத்ததாச்சேன்னு படிக்கல," என்றாள். "ஆபீசர் எங்க வாங்குனேன்னு கேட்டாரு. வாங்கினது கடையில. இது வாங்கினது இல்லையே. எனக்கு ஞாபகமே வரல."

மோகனராஜ் எழுந்தார். "மேடம். இன்னும் ரெண்டு மணி நேரம். கடையில இருக்கிற என் சரக்கு சுத்தம். நீங்களே சொன்னீங்க. இது எங்களுக்குள்ள நடந்தது..."

"அண்ணே," என்றான் ஹஸ்ருல் கதவோரத்திலிருந்து. மோகனராஜ் உட்கார்ந்துவிட்டார்.

"நாலரை மணிக்கு அறிக்கை கொடுக்கப் போறேன்," என்றார் சலேஹா. பிறகு ரமணியிடம் திரும்பினார். "உங்க கேள்விக்குப் பதில், உங்க சமையலறை சுத்தம்மா. உங்க கையால வந்தது இல்ல."

"கோயில்ல ஏந்தினது என் கைதானேக்கா. கொட்டினதும் என் கைதானே."

சலேஹா ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் குகன் முன் வைத்தார்.

பட்டியல் எழுத உட்கார்ந்தார்கள். லோகேஸ்வரி பெயர் சொல்லச் சொல்லக் குகன் எழுதினான், ஹஸ்ருல் ஒவ்வொருவருக்காக அழைத்துப் பேசினான். பலர் தீபாவளிக்கே சமைத்துத் தீர்த்திருந்தார்கள். ஒருவர் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் தங்கைக்குக் கொடுத்திருந்தார். தங்கை அதைப் பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிச்சாலை நடத்தும் தோழிக்குக் கொடுத்திருந்தாள். தோழி தொலைபேசியை எடுக்கவில்லை. முப்பத்து நான்கு பெயரோடு பட்டியல் நின்றது. மீதி ஆறு, கோயில் வாசலில் வந்தவர் போனவருக்குக் கொடுத்தவை. முகம்கூட நினைவில்லை.

"மறுபடியும் அறிவிப்பு கொடுப்பாங்கல்லக்கா?" என்றான் குகன்.

"கொடுப்பாங்க. தேதியைப் போட்டுத்தான் கொடுப்பாங்க. இதுல தேதி இல்ல. இந்நேரம் போத்தல்ல கொட்டியிருப்பாங்க. பேக்கெட்டும் இருக்காது."

ரமணி தன் கைப்பேசியை எடுத்தாள். அதிராவின் வகுப்புப் பெற்றோர் குழு. சாவுக்குப் பிறகு அவள் அதைத் திறக்கவே இல்லை. குரல்பதிவுப் பொத்தானை அழுத்திப் பேசத் தொடங்கினாள்.

"அதிரா அம்மா பேசுறேன்..." நிறுத்தி அழித்தாள். மறுபடியும் அழுத்தினாள். மூன்றாவது தடவை குரல் உடையாமல் வந்தது. கோயிலில் யாராவது சிவப்பு மசாலாப் பேக்கெட் கொடுத்து, அதில் தேதி இல்லாமல் இருந்தால், போத்தலோடு வீசிவிடுங்கள், தெரிந்தவர்களிடமெல்லாம் கேளுங்கள் என்று ஒன்றேகால் நிமிடம் பேசினாள். அனுப்பினாள்.

எல்லாரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை நிமிடத்தில் முதல் பதில் வந்தது. கூப்பிய கைகள். அடுத்து ஒரு வெள்ளைப் பூ. பிறகு இன்னும் கூப்பிய கைகள், வரிசையாக, ஒன்றன் கீழ் ஒன்றாக. மகளை இழந்தவள் ஏதோ சொல்லி அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒன்றேகால் நிமிடப் பேச்சை, முதல் பதில் வந்த அந்த அரை நிமிடத்தில் யாரும் கேட்டு முடித்திருக்க முடியாது.

ரமணி ஒவ்வொரு பெயராகத் தொட்டு அழைக்கத் தொடங்கினாள்.