மணல் சவாரி

முன்சீட்டில் இருந்த மணல் மூட்டை வெதுவெதுப்பாக இருந்தது.

தேநீர் ஃபிளாஸ்க்கை அதன் ஓரமாகச் செருகப் போனபோதுதான் ஜெக்கரியாவின் புறங்கை அதில் பட்டது. தை மாதப் பனியில் கதவுக் கைப்பிடியும் கண்ணாடியும் டேஷ்போர்டும் தொட்டால் விரல் விறைக்கும்படி குளிர்ந்து கிடக்க, அந்தச் சாக்கு மட்டும் அப்போதுதான் ஆள் எழுந்து போன இருக்கை மாதிரி இருந்தது. பின்பக்கம் கையை நீட்டி மற்ற இரண்டு மூட்டைகளையும் தொட்டுப் பார்த்தான். சில்லென்று இருந்தன. இன்ஜின் சூடு முன்னால் ஏறியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சீட்டைச் சரிசெய்தான்.

முந்தைய ஷிப்ட் ஓட்டிவிட்டு இறங்கிய மதிவாணன் இன்னும் அங்கேயே நின்றிருந்தான். குடவாசல்காரன், பஸ் ஓட்டிப் பழகியவன், இறங்கியதும் ஷெட்டுக்குள் போய்க் கயிற்றுக் கட்டிலில் விழுந்துவிடுவான். இன்று தலையில் சுற்றிய மப்ளரோடு கார்க் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

“பாய், அதுகிட்ட பேசாதீங்க.”

“எதுகிட்ட?”

மதிவாணன் முகவாயால் முன்சீட்டைக் காட்டினான். “நீங்க பேசிக்கிட்டே ஓட்டுவீங்கன்னு தெரியும். தூக்கம் வராம இருக்க நானும் அப்படித்தான் பேசிட்டிருந்தேன். இன்னைக்கு வேணாம்.”

“ஏன், பதில் சொல்லிச்சா?” என்று ஜெக்கரியா சிரித்தான்.

மதிவாணன் சிரிக்கவில்லை. “இல்ல. கேட்டுக்கிட்டு இருந்துச்சு.”

ஷெட்டுக்குள் போகாமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு மன்னார்குடிச் சாலைப் பக்கம் பனிக்குள் போய்விட்டான்.

சென்னைக்கு வெளியே புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு கம்பெனி, சந்தைக்கு விடப்போகிற தன் சின்னக் காரை இங்கேதான் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சம்பா வயல்களுக்கு நடுவே, உலக யுத்தத்தின்போது போட்டுக் கைவிட்ட ஒரு விமான ஓடுதளம் கிடந்தது. அதன் இரு முனைகளையும் புதுத் தாரால் வளைத்து இணைத்துச் சுற்றுப்பாதை ஆக்கியிருந்தார்கள். ஊரில் அதற்கு ரிங்கு என்று பேர். கார் இரவும் பகலும் அதில் வலப்பக்கமாகவே வளைந்து வளைந்து சுற்றும். பெட்ரோல் போடவும் ஆள் மாறவும் மட்டும் நிற்கும். மற்றபடி அதிக நேரம் நின்றுவிட்டால் அதுவரை ஓடிய தூரம் எதுவும் செல்லாது, முதலிலிருந்து ஓடவேண்டும். ஒரு குடும்பமே ஏறி உட்கார்ந்த பாரம் வேண்டும் என்பதற்காக ஆற்று மணலைச் சாக்குகளில் நிரப்பித் தைத்து, சீட்டுகளில் உட்காரவைத்து பெல்ட் மாட்டியிருந்தார்கள்.

ஜெக்கரியா குவைத்தில் டாக்சி ஓட்டியவன். சண்டை வந்து, போட்டிருந்த சட்டையோடு ஊர் திரும்பியவன். இந்த ஓட்டம் நல்லபடியாக முடிந்தால் நிரந்தர வேலை என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அவன் மனைவி ஹஃப்ஸாவின் அண்ணன் சவூதிக்கு விசா எடுத்துத் தருவதாகப் போன் போட்டபடி இருந்தான். மகள் ஆஷிகா இப்போதுதான் அவனை அத்தா என்று கூப்பிடப் பழகியிருந்தாள். இன்னொரு தடவை விமானம் ஏறக்கூடாது என்று மட்டும் அவன் நினைத்திருந்தான்.

டாக்சிக்காரனுக்கு வாய் சும்மா இருக்காது. வெற்று வட்டத்தில் நாள் கணக்காகச் சுற்றுவது அவனுக்குப் பாலைவன ரோட்டைவிட மோசமாக இருந்தது. அதனால் முன்சீட்டு மூட்டைக்குச் சவாரி என்று பேர் வைத்து, நெல் விலையிலிருந்து மச்சானின் குணம் வரை எல்லாவற்றையும் அதனிடம் சொல்லிக்கொண்டு ஓட்டுவான். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும், குவைத்தில் ஏறுகிறவர்களிடம் சொன்ன மாதிரியே, “புடிச்சுக்குங்க” என்பான்.

இன்று பேசவில்லை.

பேச்சு இல்லாததால் காருக்குள் மற்ற சத்தங்களும் வாடைகளும் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. டயருக்கு அடியில் ஈரத்தார் இழுபடுகிற சத்தம், எங்கோ பிளாஸ்டிக் மூடி ஒன்று நடுங்குகிற சத்தம், ஜன்னல் சந்து வழியாக உள்ளே வந்த முற்றிய கதிரின் வாசனையோடு வாய்க்காலில் அழுகும் ஆகாயத்தாமரையின் வாடை, வளைவுகளில் சாக்குக்குள் மணல் நகர்கிற சரசரப்பு. ஹெட்லைட் வெளிச்சத்தில் பனி வெள்ளைத் துணிபோல எதிரே வந்து கிழிந்து, பின்னால் போய் மூடிக்கொண்டது. அதற்கு அப்பால் வயலும் இல்லை, வானமும் இல்லை.

தெற்கு வளைவில்தான் முதலில் கவனித்தான். வண்டி வலப்பக்கம் திரும்பினால் பாரம் இடப்பக்கம் சாயும். இத்தனை நாளும் அந்த மூட்டை ஒவ்வொரு வளைவிலும் தன் பக்கத்துக் கதவின்மேல்தான் சாய்ந்தது. பின்சீட்டு மூட்டைகள் இப்போதும் அப்படித்தான் சாய்ந்தன. மணல் சரிகிற சத்தம் இடது ஓரத்திலிருந்து கேட்டது. ஆனால் முன்சீட்டு மூட்டை வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அவன் பக்கம். வடக்கு வளைவிலும் அப்படியே, இன்னும் கொஞ்சம் கூடுதலாக, காதில் ரகசியம் சொல்ல வருகிறவர் மாதிரி.

பெல்ட் தளர்ந்திருக்கும். சாக்குக்குள் மணல் ஒருபுறமாகக் கட்டிதட்டியிருக்கும். அவன் பல காரணங்களை அடுக்கிப் பார்த்தான். ஒவ்வொன்றும் நேர்ச்சாலையில் பொருந்தி, வளைவு வந்ததும் உதிர்ந்துபோனது.

அடுத்த தடவை தெற்கு வளைவு நெருங்கியபோது, நினைக்காமலேயே, பழக்கத்தில் வாய் திறந்துவிட்டது.

“புடிச்சுக்குங்க.”

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. கார் வளைந்தது. பின்னால் மணல் சரிந்தது. முன்சீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மூட்டை இந்தப் பக்கமும் சாயவில்லை, அந்தப் பக்கமும் சாயவில்லை. வளைவு முழுக்க நிமிர்ந்து, அசையாமல் இருந்தது.

பிடித்துக்கொண்டிருந்தது.

அவன் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுக்கப் பயமாக இருந்தது. கியர் மாற்ற இடது கையை இறக்கினான். கியர்க் குமிழுக்குப் பதிலாக வேறு ஏதோ கையில் பட்டது. சொரசொரப்பான சாக்கு. மூட்டையின் காது. தைத்த முனையில் துருத்திக்கொண்டு நிற்குமே, அந்தக் காது. அது கியர்க் கம்பியைச் சுற்றி வளைந்திருந்தது. ஈரமாக, சூடாக இருந்தது. அவன் கை பட்டதும் உள்ளே மணல் மெதுவாகத் திரண்டது. ஒரு திரள். பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. விரல்கள் மாதிரி.

கையை இழுத்துக்கொண்டான். அதே கியரில் இன்ஜின் கதறிக்கொண்டு ஓடியது.

ரேடியோவை எடுத்து அழுத்தினான். “மேடம். வானதி மேடம்.”

“சொல்லுங்க பாய்.” ஷெட்டிலிருந்து வானதியின் குரல் வந்தது. சோதனைக்குப் பொறுப்பான இன்ஜினியர். மன்னார்குடியில் வளர்ந்து, சென்னையில் படித்து, கம்பெனியில் இந்த வேலைக்கு எடுத்த ஒரே பெண். “இன்ஜின் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. என்னாச்சு?”

“மூட்டை நகருது மேடம்.”

“பெல்ட் லூஸா இருக்கும். நிறுத்திடாதீங்க பாய். இன்னைக்கு மத்தியானத்தோட ஓட்டம் முடியுது. சென்னைலேருந்து பெரியவங்கல்லாம் வர்றாங்க.”

“சரிங்க மேடம்.”

ரேடியோவை வைக்கும்போது தலைக்கு மேலிருந்த கண்ணாடி கண்ணில் பட்டது. பின்சீட்டு மூட்டைகள் இரண்டும் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கவில்லை. பெல்ட் இழுபட, முன்னால் குனிந்து, ஒன்றோடொன்று தலை சேர்த்து, முன்சீட்டுகளுக்கு நடுவில் இருந்த சந்து வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

விடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தான். வாய்க்குள் ஓதிக்கொண்டே ஓட்டினான். கிழக்கே வெளுத்தது. பனி வயல் மட்டத்துக்கு இறங்கியது. கதிர்களும் வரப்பும் கொக்குகளும் தெரிந்தன. தூரத்தில் அறுப்புக்குப் போகிற பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. நல்ல வெயில் கண்ணாடி வழியாக உள்ளே விழுந்து முன்சீட்டில் கிடந்தது.

சரியாகவில்லை.

வெளிச்சத்தில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. சாக்கு மேலெழுந்து அமுங்கியது. மறுபடி மேலெழுந்தது. அவனுடைய மூச்சுக்குத் தகுந்தாற்போல. அவன் மூச்சை நிறுத்தினான். அதுவும் நின்றது. காத்திருந்தது.

ஷெட்டுக்கு எதிரே காரை நிறுத்திக் கதவைத் திறந்துகொண்டு குதித்தான்.

ஷெட் வெளிவட்டத்தில், சாலையை ஒட்டி இருந்தது. வானதி ஓடிவந்தாள். பின்னாலேயே மருதையன் வந்தான். மணல் அள்ளிச் சாக்குத் தைத்துப் பாரம் ஏற்றுவது அவன் வேலை.

“ஏன் பாய் நிறுத்துனீங்க? மதிவாணனும் இல்ல. உடனே எடுத்தாகணும்.”

ஜெக்கரியா அவள் முகத்தைப் பார்த்தான். ராத்திரி முழுக்க விழித்த முகம். மருதையன் இடப்பக்கக் கதவைத் திறந்து பெல்ட்டை இறுக்கி, மூட்டையை உள்ளங்கையால் தட்டினான். தட்டிய இடத்தில் மணல் குழிந்து, குழிந்தபடியே கிடந்தது. வெறும் மூட்டை.

“நல்லாத்தானேங்க இருக்கு,” என்றான் மருதையன்.

சொல்லவேண்டியது ஜெக்கரியாவின் தொண்டை வரைக்கும் வந்தது. மூட்டை மூச்சு விடுகிறது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். தூக்கத்தில் ஓட்டினான் என்பார்கள். வேலை போகும். வண்டியை எடுக்க மாட்டேன் என்பதற்கு ஒரு காரணம் மட்டும் வேண்டும்.

“வயிறு சரியில்ல மேடம். முடியல.”

வானதி கடிகாரத்தைப் பார்த்தாள். “சரி, நீங்க உட்காருங்க. நான் எடுக்குறேன்.”

“மேடம்...”

“எனக்கு நல்லா ஓட்ட வரும் பாய். மாத்திரை மேசைமேல இருக்கு, போட்டுக்குங்க.”

அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். கார் போய்விட்டது.

அவன் சாலையோரத்தில் நின்றான். கால்கள் உட்கார மறுத்தன. கார் தெற்கு வளைவில் சின்னதாகி, அந்தப் பக்கத்து நேர்ச்சாலையில் கதிர்களுக்கு மேலே வெள்ளைப் பொட்டாக ஊர்ந்து, வடக்கு வளைவில் திரும்பிப் பெரிதாகி வந்தது. இடப்பக்கத்து ஜன்னலில் மூட்டை. அதற்கு அப்பால் வானதி. அவனைப் பார்த்து ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள். அவனுக்கு மூச்சு திரும்பியது. பைத்தியக்காரத்தனம், தூக்கம் கெட்டதில் வந்த பைத்தியக்காரத்தனம் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்த சுற்றில் அவள் கையைத் தூக்கவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. நேரே பார்த்துக்கொண்டு, தோள்களை ஒடுக்கி, வலது கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மூட்டை அவள் பக்கம் சாய்ந்திருந்தது.

ஜெக்கரியா ஷெட்டுக்குள் ஓடி ரேடியோவை எடுத்தான்.

“மேடம், நிறுத்துங்க. வயிறெல்லாம் இல்ல, நான் பொய் சொன்னேன். இறங்கிடுங்க. அது மணல் இல்ல.”

அந்தப் பக்கம் பொத்தான் அழுந்துகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சரசரப்பு. மணல் கொட்டுகிற சத்தம். ஒரு சாக்கைக் கவிழ்த்து இன்னொன்றில் நிரப்புகிற சத்தம். நிதானமாக. அவசரமே இல்லாமல். நடுவில் ஒரு தடவை யாரோ விழுங்குகிற சத்தம்.

“மேடம்.”

சத்தம் நின்றது.

அவன் வெளியே ஓடிவந்தான். மருதையன் சாலையோரத்தில் நின்று வடக்கு வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கார் வந்துகொண்டிருந்தது. வேகம் கூடவில்லை, குறையவில்லை. தடம் ஒரு சாண்கூட விலகவில்லை.

“அதுல யாருங்க ஓட்டுறா?” என்று மருதையன் கேட்டான். அவன் குரல் அவனுடையது மாதிரி இல்லை.

ஜெக்கரியா சாலைக்குள் இறங்கி இரண்டு கைகளையும் விரித்து நின்றான். மருதையன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவன் நின்றிருந்த இடத்தைக் கார் கடந்துபோனது. வெயில் பளீரென்று இருந்தது. கண்ணாடியில் தூசிகூட இல்லை.

ஓட்டுநர் இருக்கையில் மூட்டை உட்கார்ந்திருந்தது. இரண்டு காதுகளும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தன. இடது இருக்கையில், குறுக்கே பெல்ட் மாட்டி, வானதி. பாரம் எப்படிச் சாயவேண்டுமோ அப்படிக் கதவின்மேல் சாய்ந்திருந்தாள். கன்னம் கண்ணாடியில் அழுந்தியிருந்தது. வாய் பிளந்திருந்தது. வாய் நிறைய ஆற்று மணல், ஈரமாக, மெல்ல மெல்ல மடியில் வழிந்துகொண்டிருந்தது.

கண்கள் மட்டும் உயிரோடு இருந்தன. அவை அவனையே பார்த்தன. கார் அவனைத் தாண்டிப் போகப் போக, அவனை விடாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தன.

கார் தெற்கு வளைவில் அழகாகத் திரும்பியது.