எடம்

அன்று மாலை ஓசூர் தொழிற்சாலையின் சோதனை அறையில் இருந்தவர்கள் தரப் பரிசோதகர் அசோக்குமார், திரையைக் கவனிக்கும் தமிழ்செல்வி, கெலமங்கலத்து ஃபிட்டர் முனிராஜ். வேறு யாரும் இல்லை.

எங்கோ ஒரு விண்மீன் வெடித்துக் காமாக் கதிர் பீறிட்டால், அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று சொல்வதற்காக, விண்வெளித் தொலைநோக்கியில் ஏற்றவிருந்த பெட்டி அது. முகப்பில் சதுர ஓட்டைகள் கொண்ட உலோகத் தகடு. உள்ளே அதன் நிழல் விழும். நிழல் நகர்ந்திருப்பதைக் கணக்கிட்டுத் திரையில் ஒரு புள்ளி தோன்றும்.

"சார், கதிர் சோர்ஸை வலப்பக்கம்தானே வெச்சோம்? இடப்பக்கம் காட்டுதே" என்றாள் தமிழ்செல்வி.

முனிராஜ் பெட்டியைச் சுற்றிவந்து, அதன் ஓரத்தில் பொறித்திருந்த குறியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். "அண்ணா, திருப்பி மாட்டிட்டீங்க. குறி எடம்னு சொன்னேனே!"

அசோக்குமாருக்குக் காது சுட்டது. முனிராஜின் வீட்டில் தெலுங்கு. அவன் வாயில் எடம் என்றால் இடப்பக்கம். அசோக்குமாரோ குறி இருப்பதுதான் பொருத்தும் இடம் என்று நினைத்து, தன் கையால் திருகாணிகளை முறுக்கிவிட்டிருந்தான். நல்லுசாமி மகன் கை வைத்தால் தப்பாது என்று அந்தத் தொழிற்சாலையில் ஒரு பேச்சு உண்டு. அப்பா முப்பது வருடம் உழைத்துச் சேர்த்த பேச்சு.

அப்போது, தன் அறையிலிருந்தே அதே திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் பொன்னுசாமியின் அழைப்பு வந்தது. "யாருய்யா மாட்டுனது?"

"முனிராஜ், சார்" என்றான் அசோக்குமார்.

"அவன உடனே வெளிய அனுப்பு. நாளைக்கும் வர வேணாம்னு சொல்லிடு."

ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது. முனிராஜ் அசோக்குமாரின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தான். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனான்.

கதவு மூடிய பிறகு குளிரூட்டியின் உறுமலும், வெளியே நெடுஞ்சாலை லாரிகளின் தொலைவான இரைச்சலும், சூடேறிய மின்கம்பிகளின் கருகல் வாடையும் மட்டும் அறையில் மிஞ்சின. தமிழ்செல்வி கதிர் மூலத்தை ஈயப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"நீங்கதானே சார் மாட்டினீங்க?" என்றாள், திரும்பாமலே.

அசோக்குமார் குனிந்து திரையைப் பார்த்தான். அவளைப் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

புள்ளி அணையவில்லை.

"பூட்டலையா?"

"பூட்டிட்டேன் சார். சாவி என் கையில இருக்கு."

புள்ளியின் கீழே தகட்டின் நிழல், சதுரம் சதுரமாக. அந்தச் சதுரங்கள் மெதுவாகப் பெரிதாகிக்கொண்டிருந்தன. ஒளி நெருங்கி வந்தால்தான் நிழல் அப்படிப் பெரிதாகும். அவர்கள் இருவரும் பெட்டிக்கு முதுகைக் காட்டி, அதன் பார்வைக்குள்ளேயே நின்றிருந்தார்கள். புள்ளி இடது ஓரத்தில் இருந்தது. அசோக்குமார் இடப்பக்கம் பார்த்தான். சுவர். தீயணைப்பான். ஒன்றுமில்லை.

மூச்சு விட்டான்.

அப்புறம்தான் உறைத்தது. பெட்டி திரும்பியிருக்கிறது. அவன் மாட்டியது.

அப்படியானால், வலது.

தமிழ்செல்வி ஏற்கெனவே அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தோளுக்கு மேலே. வாய் திறந்திருந்தது.

வலக் கன்னத்தில் சூடு. அடுப்பருகே முகத்தைக் கொண்டுபோனதுபோல.

அசோக்குமார் பொன்னுசாமியை அழைத்தான். "சார்... நான்தான் மாட்டினேன். முனிராஜ் இல்ல. நான்தான்."

சூடு விலகவில்லை. காதருகே, மூச்சோடு மூச்சாக, ஒரு குரல்.

"எடம்."

அவன் திரும்பினான்.

அன்று பார்த்ததை இருவரும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அசோக்குமாரின் வலக் கன்னத்தில் கறுத்த சதுரங்கள் வரிசை வரிசையாக இன்றும் இருக்கின்றன. அவை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகின்றன.

முனிராஜ் அன்று போகும் வழியில் லாரியில் அடிபட்டுச் செத்தான், அசோக்குமாரின் கன்னத்தைச் சுட்டது அவன் ஆவி என்று பக்கத்து ஜூஜுவாடி டீக்கடைகளில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். முனிராஜ் சாகவில்லை. அந்த நேரத்தில் அவன் கெலமங்கலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.